ஒரே மூட்டையில் நானும் மெக்கானிக்கும்

போன மாதம் ஒரு லாரி மெக்கானிக் என்னோடு சண்டைக்கு வந்தார். நான் லாரி வைத்திருக்கவில்லை. ஸ்கூட்டர்கூடக் கிடையாது. சண்டை, துணிக்காக.

எனக்குக் குவில்ட் பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் – துணியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, நடுவில் பழைய கம்பளியும் அடியில் பழைய வேட்டியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் போட்டால் ஒரு போர்வை. திருவொற்றியூர் வெயிலில் இது யாருக்கு வேண்டும்? யாருக்கும் வேண்டாம். இதுவரை ஐந்து தைத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். என் நாத்தனார் அதை விரித்து அதன்மேல் இஸ்திரி போடுகிறார்.

ஆனாலும் விட முடியவில்லை. கையிருப்போ குறைவு. இதற்கென்றே விற்கிற பூப்போட்ட துணியின் விலையை ஒரு தடவை கடையில் கேட்டேன். கேட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் காலடிப்பேட்டை பக்கம் லாரி சாமான் விற்கும் அண்ணாச்சி கடையைக் கண்டுபிடித்தேன். வாசலில் வேஸ்ட் துணி மூட்டை இருக்கும். தையல் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள். ஒர்க்‌ஷாப்காரர்கள் கிரீஸ் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்கிப் போவார்கள். நானும் வாங்குவேன். அவர்கள் கைக்கு வந்ததை அள்ளிப் போவார்கள். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நல்ல காட்டனாக, பெரிய துண்டாக, கலர் பார்த்துப் பொறுக்குவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... ஒரு மணி நேரம்.

இந்த நிலையில் என் மகள் கவிதாவுக்குக் குன்னூரில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஏசி பஸ்ஸில் ஏறினாலே துப்பட்டாவைக் காதில் சுற்றிக்கொள்கிற பெண். எனக்குக் கவலை ஒரு பக்கம், குஷி ஒரு பக்கம். பின்னே? என் போர்வை நிஜமாகவே தேவைப்படுகிற ஓர் ஆள் முதல் முறையாகக் கிடைத்திருக்கிறாள்!

பாதி தைத்தாகிவிட்டது. அவள் கிளம்பப் பத்து நாள்தான் இருந்தது. துணி தீர்ந்துபோய் கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"இனிமே மூட்டையைக் கிளறாதீங்கம்மா. கட்டினபடியே வேணும்னா எடுத்துட்டுப் போங்க. யாவாரம் கெடுதுல்லா."

கட்டினபடி எடுத்தால் பாதிக்குமேல் நைலானும் பாலியஸ்டரும்தான் இருக்கும். ஏன் இந்தத் திடீர்ச் சட்டம் என்று கேட்டேன். பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் பதில் சொன்னார். எதிர் ஒர்க்‌ஷாப் மெக்கானிக், பெயர் ஏழுமலை.

"நான்தான்க்கா சொன்னேன். நீ காட்டனா பாத்துப் பொறுக்கிகினு பூட்டா எங்களுக்கு நைலான்தான் மிஞ்சுது. தொடச்சா எண்ண வழுக்கிகினு போவுது. ஸ்பானர் கையில நிக்க மாட்டேங்குது. நேத்து ஒருத்தனுக்கு வெரல்ல அடி."

நியாயம்தான். ஆனால் நியாயமாக இருக்கிற மனநிலையில் நான் இல்லை. "என் பொண்ணு குளிர் ஊருக்குப் போறா. போர்வை பாதியில நிக்குது. நான் என்ன பண்றது?" என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். கொஞ்சமில்லை, தெருவே திரும்பிப் பார்த்தது.

"எங்க, காட்டு" என்றார் ஏழுமலை.

கலர் பொருத்தம் பார்க்கப் பாதிப் போர்வையைப் பையிலேயே கொண்டு போயிருந்தேன். விரித்தேன். அவர் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஒவ்வொன்னும் உள்ளங்கை அளவுதானே கீது?"

"ஆமா."

"அப்ப இன்னாத்துக்கு இம்மாம் பெரிய துண்டா எடுத்துகினு போறே?"

"சதுரமா வெட்டணுமே."

"வெட்டிட்டு?"

"திரும்பச் சேர்த்துத் தைக்கணும்."

ஏழுமலை நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போல்ட் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மைதானே? யூட்யூபில் பார்த்தபடி அப்படியே செய்துகொண்டிருந்தேன். அந்த அம்மாக்களிடம் அலமாரி அலமாரியாகத் துணி இருக்கிறது, வெட்டுகிறார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? சிக்கனமாக இருப்பதைக்கூட வசதியானவர்களைப் பார்த்துத்தான் நாம் கற்றுக்கொள்கிறோம்.

"சின்னத் துண்டெல்லாம் எங்களுக்கு ஆவாதுக்கா. தொடச்சா வெரல்ல பூசிக்கும். கீழ போட்டு மெதிச்சிகினு கீறோம். எடுத்து வெக்கட்டா?" என்றார் ஏழுமலை.

எடுத்து வைத்தார். அவர் மட்டுமல்ல, பக்கத்து இரண்டு ஒர்க்‌ஷாப்காரர்களும். மூன்றாம் நாள் ஒரு காலி பெயிண்ட் டப்பா நிறையத் துண்டுகள். ஒன்றுகூட ஒரே அளவில் இல்லை. சதுரக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, செங்கல் அடுக்குகிற மாதிரி வரிசை வரிசையாகத் தைத்தேன். சிலதில் கிரீஸ் கைரேகை. சோப்பில் ஊற வைத்துக் கசக்கியும் ஒரு மஞ்சள் துண்டில் மட்டும் கட்டை விரல் போகவேயில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். கவிதா கிளம்புகிற அன்று காலையில் கடைசித் தையல். அந்த மகராசியின் பெட்டியில் போர்வைக்கு இடமில்லை, தோளில் போட்டுக்கொண்டுதான் ரயிலேறினாள்.

அடுத்த வாரம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். லாரிக்கு அடியிலிருந்து ஏழுமலையின் தலை மட்டும் வெளியே வந்தது.

"பாப்பாக்குக் குளிரு தாங்குதாமா?"

எனக்குத் திக்கென்றது. ஒரு வாரமாகத் தினமும் பேசுகிறேன். சாப்பாடு எப்படி, ரூமில் யார், வார்டன் எப்படி... எல்லாம் கேட்டேன். இதைக் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான், வேறென்ன?

அங்கேயே நின்று போன் போட்டேன். நைட் டூட்டி முடித்துப் படுத்திருந்தாள். தூக்கக் குரல்.

"அம்மா, போர்வைக்குள்ள இருக்கேன். போனைப் பிடிக்கக் கைய வெளிய எடுத்தா ஜில்லுனு இருக்கு. அப்புறம் பேசறேன்."

டொக். வைத்துவிட்டாள்.

"இன்னா சொல்லுச்சு?" என்றார் ஏழுமலை.

பெற்ற பெண் போனைப் பாதியில் வைத்ததை இவ்வளவு சந்தோஷமாக ஊருக்குச் சொன்ன அம்மா நானாகத்தான் இருப்பேன்.