ஆடியில் விதைத்த காற்று

காற்றாலை விற்பவனின் பெரிய கஷ்டம், சரக்கு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். இன்சூரன்ஸ் பாலிசியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் படியேறிய அன்பர்களுக்கு மட்டும் என் பாடு புரியும். பம்பாயில் மோட்டார் விற்றது போதும் என்று தொண்ணூறுகளின் நடுவில் கோவைக்குத் திரும்பி, இந்த வேலையில் சேர்ந்திருந்தேன்.

விலையில்லாத சரக்கு

சிங்காநல்லூரில் நாயுடு ஒருவர் சிறிய நூல் மில் வைத்திருந்தார். கரண்ட் பில் கட்டி மாளாமல் மூன்றாவது ஷிப்டை நிறுத்திவிட்டார். வேலை போன மாரியப்பன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, மில் கேட் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார். நாயுடுவுக்கு அந்தப் பக்கம் திரும்பவே சங்கடம்.

தாராபுரம் பக்கம் காற்றாலை நட்டால், அதில் வரும் யூனிட்டை மின்வாரியம் எடுத்துக்கொண்டு மில் பில்லில் கழித்துவிடும் என்றேன். காற்றாலைக்கு வாங்கும் பேங்க் கடன் தீரும்வரை தவணையையும் சேர்த்துப் பார்த்தால் காற்றுக் கரண்ட் விலை கூடத்தான், தீர்ந்தபிறகு நன்றாகக் குறையும் என்பதையும் மறைக்கவில்லை. நாயுடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏந்தம்பி, காத்துக்கு வெலையே இல்லீங்கறீங்க, அப்பறம் கரண்டுக்கு மட்டும் எதுக்குங்க கூடுது?"

நல்ல நாள்

ஆனாலும் வாங்கினார். டீக்கடைப் பக்கம் பார்க்க முடியாமல்தான் கையெழுத்துப் போட்டார் என்பது என் கணிப்பு. கிரேன் வரத் தாமதமாகி, ஆனி முடியும்போதுதான் காற்றாலை நிமிர்ந்து நின்றது. ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று ஆளைத் தள்ளியது. நாயுடு ஸ்விட்ச் போட மறுத்துவிட்டார். ஆடியில் எதையும் தொடங்கக்கூடாதாம். ஆவணியில் நாள் பார்த்தாயிற்றாம்.

ஆவணியைத் தாண்டினால் காற்று மூட்டை கட்டிவிடும். சீசன் போனால் பில் குறையாது, வட்டி மட்டும் ஏறும், மூன்றாவது ஷிப்ட் கனவுதான். தொண்டை வறளச் சொன்னேன்.

"கண்ணாலத்துக்குக் காத்திருக்கற பொண்ணாட்ட ஒரு மாசம் நிக்கட்டுங்க தம்பி, ரெக்கை என்ன உதுந்தா போயிரும்?"

பக்கத்துக் காடு

நேரில் காற்றைக் காட்டினாலாவது மனசு மாறுமா என்று அவரைத் தாராபுரத்துக்குக் கூட்டிப்போனேன். காற்றாலைக்கு நிலத்தை விற்ற ராமாத்தாள் பக்கத்துக் காட்டில் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார். இந்த எந்திரம் மழை மேகத்தைத் துரத்திவிடும் என்று என்னோடு மல்லுக்கு நின்றவர் அவர். ரெக்கை சும்மா நிற்பதைக் கண்டு, ஓட்டக் காசில்லையா என்று கேட்டார்.

"ஆடியாச்சுங்களே அம்மணி" என்றார் நாயுடு. ராமாத்தாள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த விதைச் சோளம் சிதறியது.

"ஏனுங்க, கண்ணாலத்துக்குத்தானுங்க ஆடி ஆகாது. வெதைக்கறதுக்கு ஆடிய உட்டா வேற நாளேதுங்க? காத்துதானுங்களே உங்களுக்கு வெள்ளாமை, பட்டத்துல போட்டுப்போடுங்க!"

மில் கேட்டில்

விவசாயக் குடும்பத்தில் பிறந்த நாயுடு, கார் அமராவதிப் பாலம் தாண்டுவதற்குள் நாளை மாற்றிவிட்டார். ஆடிப்பெருக்கன்று தேங்காய் உடைத்து ஸ்விட்ச் போட்டார். அடுத்து வந்த மில் பில் இளைத்திருந்தது. கடன் தவணை அப்படியேதான் நின்றது. என்றாலும் துணிந்து பாதி ஆட்களோடு மூன்றாவது ஷிப்டைத் திறந்தார்.

சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே போன மாரியப்பன் என்னைப் பார்த்து நின்று, இனி தன் வீட்டு பில்லும் குறையுமா என்று கேட்டார். ஒரு காற்றாலையால் ஆகாது, நிறைய வந்து கடனெல்லாம் தீர்ந்தால் ஒருநாள் குறையலாம் என்றேன். அவர் தூக்கைக் கை மாற்றிக்கொண்டார்.

"மெதுவாவே கொறையட்டுங்க சார். வேலை வந்திருச்சு, அதுவரைக்கும் நான் கட்டிப்போடறேனுங்க."

காற்றாலை வந்தால் கரண்ட் விலை குறையுமா கூடுமா என்று இப்போதும் யாராவது கேட்டால், எந்த மாதத்து பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.