பழுதில்லாத வாஷிங் மெஷின்கள்

கண்ணை மூடிக்கொண்டு வாஷிங் மெஷினின் விலாவில் காதை வைத்திருக்கிறார் மாஜி. அவர் காது பட்டால் போதும், மெஷின் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டுவிடும் என்பது தெருப் பேச்சு. “பெல்ட் தேஞ்சிருக்கும்மா. உங்க தப்பு ஒண்ணுமில்ல,” என்று பாவமன்னிப்பையும் சேர்த்தே கொடுத்தனுப்புவார்.

பத்தொன்பது வருடம் சபைப் போதகர். ஸ்குரூடிரைவர் பிடித்து ஆறு வருடம். மாஜி போதகர் என்பது தேய்ந்து வெறும் மாஜியாகிவிட்டது. ஏன் விட்டார் என்பதற்கு ஏழெட்டுக் கதைகள் உலவுகின்றன, ஒன்றில் புதையல்கூட உண்டு. அவர் சொல்வது இவ்வளவுதான்: “அங்க எந்த வேலையும் முடியாது. இங்க தண்ணி வடிஞ்சா முடிஞ்சுது.”

மனைவி அத்துடன் விடமாட்டார். “சபையில பிரசங்கம் நீளம்பாங்க. சுருக்கினா ஆழமில்லம்பாங்க. நான் சிரிச்சாலும் கர்வம், சிரிக்காட்டியும் கர்வம். இவங்கம்மா அடக்க ஆராதனையையும் இவரேதான் நடத்தினார். அழறதுக்குக்கூட ஆள் மாத்தி விடல.”

ஊரிலுள்ள எல்லாச் சபைப் போதகர்களின் மெஷின்களும் மாதம் ஒருமுறை தவறாமல் கெட்டுப்போகும். எதிலும் பழுது இருக்காது. ஏன் வந்தீர்கள் என்று மாஜியும் கேட்கமாட்டார். பின்மூடியைக் கழற்றத் தொடங்குவார். வந்தவர் பேசி முடிக்கும்வரை திருகாணிகள் தீராது. பெரிய சபையின் மூத்த போதகர் வந்த அன்று ஒரே திருகாணியைப் பதினோரு முறை கழற்றி மாட்டினாராம்.

இன்று வந்தவர் பக்கத்துத் தேவாலயத்துப் பாதிரியார். கண்கள் கோவைப்பழம். மெஷினைத் தள்ளுவண்டியில் தானே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். சட்டைப்பையில் விலகல் கடிதம். மாலையில் ஆயரிடம் கொடுக்க வேண்டும்.

“நீங்க நிம்மதியாத்தானே இருக்கீங்க அண்ணே. நானும் குடுத்துடவா?”

மாஜி பல்லிடுக்கிலிருந்த திருகாணியை எடுத்தார். “தூங்கி எத்தன நாளாச்சு ஃபாதர்?”

“மூணு.”

“நானும் தூங்காமத்தான் குடுத்தேன். சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. நீங்களாவது தூங்கி எழுந்து முடிவு பண்ணுங்க. குடுக்கறதுன்னா ஆயர் வீட்டு வாசல் வரைக்கும் நானே வண்டியில கொண்டு விடறேன்.”

பாதிரியார் வாதாட வாயைத் திறந்தார். பாதி வாக்கியத்திலேயே தலை நாற்காலியில் சாய்ந்துவிட்டது. மேசைமேல் அவர் கைபேசி அதிர்ந்தது: தேவாலயக் கமிட்டிச் செயலர். நின்றது. மறுபடி அதிர்ந்தது.

மாஜி அதைத் துண்டில் சுற்றி, காலி மெஷினுக்குள் படுக்கவைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.