அப்பா கட்டிய தந்தி

எனக்கு முழுதாக மீட்டத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. அதையும் ஒரே ஒரு தடவைதான் பிழையில்லாமல் மீட்டியிருக்கிறேன். அந்த ஒரு தடவையையும் என் வீட்டார் பிழை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா இத்தாலியில் ஒரு வயதான பெண்மணியைப் பராமரிக்கப் போய் மூன்று வருடமாகியிருந்தது. அவர் அனுப்பிய பெட்டியில் சொக்லேட், வாசனைச் சவர்க்காரம், எங்கள் வெயிலுக்கென்றே தைத்தது போல அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை. அதற்குள் சுற்றி ஒரு யுக்குலேலே. "இதென்ன, வளராத கிற்றாரா?" என்றார் மாமி. மாமி அப்பாவின் அக்கா. அம்மா போனதிலிருந்து எங்கள் அடுப்பும் என் சடையும் அவர் பொறுப்பு.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அம்மா போனில் முகம் காட்டுவார். "எப்பம்மா வருவீங்க?" என்ற என் வழக்கமான கேள்விக்கு, பெட்டி வந்த ஞாயிறு, புதுப் பதில் கிடைத்தது.

"பூசையில பாடுற அந்த மாதா பாட்ட விரலால ஒரு பிழையும் இல்லாம மீட்டிக் காட்டுங்க மகள். அம்மா வாறன்."

பேசி முடிந்ததும் மாமி அப்பாவிடம், "விசாக் கடுதாசி சரிவராம அங்கயிருந்து வெளிக்கிட்டா திரும்பிப் போக ஏலாது. பிள்ளைக்கிட்ட என்ன கதை கதைக்கிறா?" என்றது என் காதிலும் விழுந்தது. கடுதாசி பெரியவர்கள் சமாச்சாரம். எனக்கு வேண்டியது நாலு தந்தியும் மூன்று விரலும்.

போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். மேல் இரண்டு தந்தியும் பெருவிரலுக்கு, மூன்றாவது ஆட்காட்டி விரலுக்கு, கடைசி நடுவிரலுக்கு. கேட்கச் சுலபம். என் பெருவிரல் அழைப்பில்லாமலே அடுத்த வீட்டுக்குப் போகும். நடுவிரல் கூப்பிட்டாலும் வராது. சோற்றுக் கோப்பையில் பழகினேன். மறைக்கல்வி வகுப்பு மேசையில் பழகிக் குட்டு வாங்கினேன். மாலைச் செபத்தில் செபமாலை மணிகளில் பழகியபோது மாமி கண்டுவிட்டார்.

"அடியே, மாதாவுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுறியா?"

இந்த வெறியில் மேல் தந்தி அறுந்தது. பக்கத்து ஊர் முந்தல் கடையில் பெரிய கிற்றார்த் தந்திதான் இருந்தது. தொழில் முடிந்து கடலால் வந்த அப்பா, உப்புக் கையோடு, மீன் பிடிக்கும் நைலோன் நூலில் ஒரு துண்டை வெட்டிக் கட்டினார்.

"பாரை மீன் இழுத்தே இளகாத முடிச்சு மகள். உங்கட பாட்டுக்கா இளகப் போகுது?"

பாலன் பிறக்கும் நத்தாருக்கு இரண்டு கிழமை முந்திய ஞாயிறு, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மீட்டினேன். விரல்கள் எனக்கே அந்நியமாகத் தெரிந்தன, அவ்வளவு ஒழுங்கு. ஒரு பிழை இல்லை. கடைசித் தந்தி அடங்குமுன்னே கேட்டேன், "எந்த நாள் வாறீங்க?"

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவருக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்மணி ஏதோ கூப்பிட்டார்.

"நல்லா இருந்திச்சு மகள். நடுவுல... ஒரு இடம் பிழைச்சிட்டு, என்ன?"

"இல்ல!" என்று கத்தினேன். சாட்சிக்கு அப்பாவைப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்துக்கும் பைலாப் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். போனில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் மகள், பிழைதான். மேல் தந்தி இளகிட்டு. நான் கட்டினதுலதான் பிழை."

போனில் அம்மாவின் முகம் போய் இத்தாலி வீட்டுக் கூரை தெரிந்தது.

நத்தார் முடியும்வரை நான் அப்பாவோடு கதைக்கவில்லை. அவர் என் கோப்பையில் வைத்த பொரித்த மீனைப் பூனைக்குப் போட்டேன். பூனை அந்த நாட்களில் அரசியாகிவிட்டது. அப்பா அடுத்த நாளும் மீன் வைத்தார். அம்மா வராததற்கு அவர் கட்டிய முடிச்சுத்தான் காரணம் என்று நானும் முழுமனதாக நம்பினேன்.

யுக்குலேலே இப்போதும் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. மற்ற மூன்று தந்தியும் போய்விட்டன. அப்பா கட்டியது மட்டும் இளகாமல் விறைத்து நிற்கிறது. அன்றைக்கே அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.