கடலில் அலசிய பாசி

அன்று காலை நம் தோட்டக் குழுவின் வாட்ஸப்பில் ஒருத்தி வெண்டை இலையைப் படம் பிடித்துப் போட்டு, "இது என்ன நோய்?" என்று கேட்டிருந்தாள். எப்போதும் ஜமால் காக்காதான் முதல் ஆளாகப் பதில் சொல்வார். அவர் எண்ணிலிருந்து பதிலும் வந்தது. "வாப்பா மௌத்தாயிட்டாங்க. நான் அவங்க மகன்." வெட்டிக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

காக்கா பெரியபட்டினத்துக்காரர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நமக்கும் அவர் அப்படித்தான். சவூதியில் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். ஊர் திரும்பியதும், வீட்டுத் தோட்டம் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். வகுப்பில் மற்ற எல்லோரும் பெண்கள். "லாரி ஓட்டுறவருக்கு இங்கன என்ன வேலை?" என்று நான்தான் வாய்த்துடுக்காகக் கேட்டேன். "மணலையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சும்மா. மிச்ச நாளைக்குக் கொஞ்சம் பச்சையைப் பாக்கணும்," என்றார். அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பை முடித்தால் மட்டும் பயிற்றுநர் அட்டை கிடைத்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஏதாவது ஒரு தெருவில் ஒரு பருவம் சொல்லிக்கொடுத்து, அங்கே காய் பறித்துக் காட்ட வேண்டும். எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார்கள். தங்கச்சிமடத்தில் என் தெருவையே எடுத்துக்கொண்டோம். அந்த அட்டை மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. தையல்காரி என்பதைத் தவிர இன்னொரு பேரும் என் தெருவில் எனக்கு வேண்டியிருந்தது.

கரையில் ஒதுங்கும் பாசியை நன்றாக அலசித் தொட்டியில் போட்டால் நல்ல உரம் என்று காக்கா சொல்லிக்கொடுத்தார். பெண்கள் கூடை கூடையாக அள்ளி வந்து போட்டார்கள். கொஞ்ச நாளில் கத்தரியும் தக்காளியும் இலை ஓரம் கருகிச் செத்தன. மீன் விற்கும் பிரிஸ்கா என் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்க ஏசினாள். இனி தோட்டம் கீட்டம் என்று யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாதாம். விசாரித்தால், எல்லோரும் பாசியைக் கடலிலேயே அலசியிருக்கிறார்கள்! வலையோ மீனோ, எங்கள் ஆட்களுக்கு அலசுவது என்றால் கடல்தான்.

காக்காவுக்கு போன் போட்டேன். "நீங்க வராதீங்க. வந்தா பிச்சுப்புடுவாளுக. தப்பு அவளுக மேலதான்," என்றேன்.

"எந்தத் தண்ணியில அலசணும்னு நான் சொன்னேனா? தப்பு என்னுது. நாளைக்கு வாரேன்."

சொன்னபடியே வந்தார். பிரிஸ்கா வீட்டு வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் விடவில்லை. "ஒங்க பாசியும் நீங்களும்! பாசி பத்தாம ஒரு சட்டிக்குப் போடாம விட்டேன் பாய். அது மட்டுந்தான் உசுரோட நிக்குது, தெரியுமா?"

"அது எங்கன இருக்கு? காட்டும்மா."

ஏசிக்கொண்டேதான் அழைத்துப் போனாள். அந்தச் செடியைப் பார்த்துவிட்டு வந்து, ஒவ்வொரு வீட்டிலும் மன்னிப்புக் கேட்டார். "பாசியை எடுத்துப் போட்டுருங்க. நல்ல தண்ணிய வெல குடுத்து வாங்கி மண்ணைக் கழுவ ஏலாது. மழை வந்து உப்பை இறக்கட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் நட வேணாம்," என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அவ அந்தப் பேச்சுப் பேசுறா, ஒங்களுக்கு ரோசமே கெடையாதா காக்கா?"

சிரித்தார். "ஏசுறவதாம்மா செடியைத் தெனமும் பாத்திருக்கா. பாக்காதவளுக்கு ஏச என்ன இருக்கு? நம்ம வேலைக்கு அவதான் ஆளு."

மழை விட்டதும் பெயின்ட் வாளிகளில் நாற்றோடு வந்து இறங்கினார். அந்தப் பருவம் எங்கள் தெருவில் யாரும் கத்தரிக்காய் வாங்கவில்லை. எங்கள் இருவருக்கும் அட்டை கிடைத்தது. அதன் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு நாங்களே பயிற்சி வகுப்பு எடுத்தோம்.

துக்கம் கேட்க வேன் பிடித்துப் போனோம். பிரிஸ்காவும் வந்தாள். திரும்பும்போது, "பாய் எடுத்த வகுப்பை இனி யாரு எடுப்பா?" என்று கேட்டாள். "யாராவது ஒருத்தி புதுசாப் படிச்சு வந்தாத்தான்," என்றேன். "அப்ப என் பேரைக் குடுத்து விடு," என்றாள்.

இந்த முறைப் பயிற்சியில் முதல் வகுப்பு என்னுடையது. பாதியில் பிரிஸ்கா எழுந்து நின்றாள். "மாடியில கடலைப் பாக்கச் சட்டியை வைக்கச் சொல்றியே, கடல்லேருந்து கொண்டல் காத்து அடிச்சா பூ நிக்குமா பிஞ்சு நிக்குமா? கடக்கரையில பொறந்தவதானடி நீ?" புதிதாக வந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. பதிலும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அதை விழுங்கிக்கொண்டு, அவள் ஏசி முடிக்கும் வரைக்கும் கேட்டேன். அவள் சொன்னது சரி. கேட்கும் அந்தக் காது என்னுடையது அல்ல, காக்கா விட்டுப்போனது.