பாணருக்கு மறுத்த பந்தி

திண்டிவனம் அருகே ஒரு கோயில் விழாவில், ‘பாணர்’ என்ற சொல்லைப் பற்றிப் பேசினேன். “பண்ணிலிருந்து வந்த பெயர் அது. இன்று இங்கே பம்பை அடிப்பவர்களும் அந்த மரபினர்தான். அரசர்கள் பாணரைத் தம் அருகில் அமர்த்தி உணவளித்தார்கள்” என்றதும் விழாத் தலைவர் பலமாகக் கைதட்டினார்.

பந்தியில் பம்பைக்காரர் ஏழுமலை என் பக்கத்தில் அமர்ந்தார். அதே தலைவர் விரைந்து வந்தார்.

“இன்னாடா, சாரு பெருமையா பேசுனா இங்கியே குந்திக்கினியா? உங்களுக்குப் பின்னால தனியா எல போட்டுக்கினு இருக்காங்க, ஜல்தியா போ!”

“ராஜாவே பக்கத்துல குந்த வச்சாராமே. நீங்க அவருக்கும் மேலயா தலைவரே?”

பந்தியில் சிலர் சிரித்தனர். தலைவர் குனிந்து அவருடைய இலையை உருவினார். ஏழுமலை பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

என் இலையில் பாயசம் விழுந்தது. நானும் எழுந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் பேச அழைத்தாலும், பம்பைக்காரருக்கு எந்தப் பந்தி என்று கேட்ட பிறகே ஒப்புக்கொள்கிறேன். அழைப்புகள் குறைந்துவிட்டன.