சார்ஜ் இருக்குல்ல

அந்தத் தெருவில் போய் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஜிப்பக்கா வீடு எது என்று கேளுங்கள், மூக்கொழுகும் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். புதுத்துணி வெட்டித் தைக்கிற பொறுமையெல்லாம் அவளுக்குக் கிடையாது. கிழிந்தது, இறுகியது, தொளதொளத்தது, ஜிப் வாயைப் பிளந்துகொண்டது, இந்த மாதிரி வியாதிஸ்தர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்வாள். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷின். அதற்குப் பக்கத்திலேயே ஃப்ரிட்ஜ், சமையலறையில் அதற்கு இடமில்லாததால். பேண்ட் கொண்டுவருகிறவர்கள் பேண்டைக் கொடுத்த கையோடு ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டுத்தான் போவார்கள். "இது தையல் கடையா, தண்ணிப்பந்தலா?" என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஜிப்பை மேலும் கீழும் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எந்தப் பல் கோணியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மனுஷர்களையும் அப்படிக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புத்தான் கடைசியில் அவள் ஈரக்குலையைப் பிடித்து உலுக்கியது.

அவள் புருஷன் ஒரு குளிர்கிடங்கில் வேலை பார்த்தார். மீனையும் இறைச்சியையும் கல்லுமாதிரி உறையவைத்துச் சேமிக்கிற இடம். வருகிற பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும், கேட்கிற பெட்டியை எடுத்து வெளியே தர வேண்டும். வாயில்லாப் பூச்சி. வேலை முடிந்து வந்தால் நேரே வீட்டுக்குள் வரமாட்டார், வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்பார். "என்ன, காயப்போட்டாச்சா?" என்று ஜிப்பக்கா உள்ளிருந்து கேட்பாள். அவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

அவராக வாய் திறந்து சொன்ன கதைகள் ரொம்பக் குறைவு. அதில் ஒன்று கதவுக் கைப்பிடிக் கதை. குளிரறைக் கதவை உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டாம். ஒருநாள் தள்ளும்போது அது கழன்று கையோடு வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சூப்பர்வைசர் வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். "சரி பண்ண ஆள் வர்ற வரைக்கும் கதவுல கட்டையைக் குடுத்து வச்சுக்கோ. அப்படியும் மாட்டிக்கிட்டா கூப்பிடு, வந்து தொறக்குறோம். போன் இருக்குல்ல?" என்றாராம். சாப்பிட்டுக்கொண்டே சூப்பர்வைசர் மாதிரியே நடித்துக் காட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்த ஜிப்பக்காவும் சிரித்தாள்.

பிறகு ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள். பள்ளியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள், சுவிட்ச் ஆஃப். ஜிப்பக்கா கூப்பிட்டாள், சுவிட்ச் ஆஃப். அடுத்த வீட்டில் இருக்கிற நாத்தனாரின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போய்ப் பிள்ளையைத் தூக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, எல்லாவற்றையும் அவளே செய்தாள். ஆயுசெல்லாம் தையல் போட்டவளுக்கு அந்த ஊசி பிள்ளையின் தோலுக்குள் போவதைப் பார்க்கத் தைரியமில்லை.

சாயங்காலம் அவர் வந்தார், வெயிலில் நின்றார். அவள் வெளியே வந்தாள்.

"ஏன் அணைச்சு வச்சீங்க?"

"அணைக்கல. பேட்டரி செத்துப்போச்சு."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். அறுபத்திரண்டு சதவீதம் காட்டியது. "செத்தது எப்படிங்க எந்திரிச்சு உக்காந்துச்சு? சார்ஜ் இருக்குல்ல?"

அவரும் எட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "தெரியல. உள்ள போனா செத்துடுது, வெளிய வந்தா வந்துடுது. எல்லாருக்கும் அப்படித்தான். குளிருக்கா இருக்கும்."

"குளிருக்கு நீங்க தும்முவீங்க. போன் தும்முமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பிள்ளைக்கு அடிபட்டதுகூடப் பெரிதில்லை, பிள்ளைகள் விழத்தான் செய்யும். இத்தனை வருஷம் ஒரு பொய் சொல்லாத மனுஷன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறாரே, அதுதான் தாங்கவில்லை. எதற்காகப் போனை அணைக்க வேண்டும்? யாரிடமிருந்து ஒளிய வேண்டும்? அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டுப் பார்த்தாள். பாதி நேரம் சுவிட்ச் ஆஃப். வீட்டுக்கு வரும்போது பார்த்தால் ஐம்பது, அறுபது என்று சார்ஜ் அசையாமல் இருக்கும்.

ஒருநாள் காலையில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "உங்க போனக் குடுங்க, கடைல காட்டுறேன். இன்னிக்கு என்னோடத எடுத்துட்டுப் போங்க. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல, நூறு சார்ஜ் இருக்கு. இதுவும் செத்துச்சுன்னா அப்புறம் பேசிக்கலாம்."

அவர் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டு போனார். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

போன் கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு போனைத் திருப்பிப் பார்த்தார். முதலில் அதைக் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினார். "பேட்டரி உப்பியிருந்தா பம்பரமாச் சுத்தும்க்கா. இது சுத்தல." பிறகு செட்டிங்ஸில் தேடினார். சில மாடலில் அங்கேயே காட்டுமாம், இதில் இல்லை. போன் நம்பர் போடுவதுபோல் நட்சத்திரமும் எண்களுமாக எதையோ அழுத்தினார், ஒரு பக்கம் திறந்தது. பேட்டரி ஹெல்த் என்ற இடத்தில் குட் என்று இருந்தது. அதற்குக் கீழே சூடு முப்பத்து மூன்று டிகிரி. அத்தோடு விடாமல் ஒரு ஆப்பை ஏற்றி, சார்ஜரைச் செருகி, கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்தார்.

"புதுசுல எவ்வளவு புடிச்சுதோ அதுல எம்பத்தாறு சதவீதம் இப்பவும் புடிக்குது. பழைய போனுக்கு இது ராஜபோகம். வேற என்ன பாக்கணும்?"

"பொய் சொல்லுதான்னு பாக்கணும்."

"போன் எதுக்குக்கா பொய் சொல்லப்போகுது?"

அவள் அந்தப் போனிலிருந்தே தன் நம்பருக்குப் போட்டாள். நூறு சார்ஜோடு காலையில் புறப்பட்டுப் போன அவளுடைய புதுப்போன். சுவிட்ச் ஆஃப்.

அதுவரைக்கும், எங்கேயோ ஒரு மூலையில், போன்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இப்போது கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. பிடித்த சந்தோஷம் துளிகூட இல்லை.

வீட்டுக்கு வந்தவள் மிஷினில் உட்கார்ந்தாள், எழுந்தாள். சாயங்காலம் கேட்டால் மறுபடியும் குளிர் என்றுதான் சொல்வார். அந்த ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. பக்கத்திலிருந்த ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்து, ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தாள். "நல்லாக் குளிர்ல கிட. வரட்டும், உன்னையே சாட்சி சொல்ல வைக்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பள்ளிக்கூடத்துப் பைகள் ஒரு குவியலாக வந்திருந்தன, எல்லாம் ஜிப் போனவை. கோபத்தில் கை வேகமாக ஓடியது. அந்த வேகத்தில் போனை மறந்தே போனாள்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் ஞாபகம் வந்தது. போன் கறுத்துக் கிடந்தது. அழுத்திப் பார்த்தாள், அசைவில்லை. முதலில் போனைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் பயந்தாள். முந்தானையால் துடைத்து, ஜன்னல் வெயிலில் வைத்து, கையில் பொத்திக்கொண்டு காத்திருந்து மறுபடி அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. ஐம்பத்தேழு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுஷன் சொன்னது நிஜம். போன் தும்மத்தான் செய்கிறது. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சாயங்காலம் வாசலில் நிற்கிறவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் போன் ஒரு தடவை அதிர்ந்தது. போன் அணைந்திருந்தபோது யாராவது கூப்பிட்டால் வருகிற தகவல். அவளுடைய நம்பரிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறது, ஒன்றன் பின் ஒன்றாக.

திரும்பக் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப்.

வேலை நேரத்தில் அவர் யாரையும் கூப்பிடுகிற ஆளில்லை. அப்படிப்பட்டவர் எதற்கு மூன்று தடவை கூப்பிட வேண்டும்? பிறகு எதற்கு அணைய வேண்டும்? உள்ளே போனா செத்துடுது என்றாரே. அப்படியென்றால் உள்ளே இருந்தபடிதான் கூப்பிட்டிருக்கிறார். டிராயரில் கிடக்கிற கைப்பிடி அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. சாப்பாட்டு வேளையில் தான் சிரித்த சிரிப்பும் வந்தது.

அவர் போனில் சூப்பர்வைசர் நம்பர் இருந்தது. தன் போனில் அது இல்லை என்பதும் அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது.

"சார், அவர் எங்க?"

"உள்ள வேலையா இருப்பாரும்மா. இன்னிக்கு அவர் மட்டும்தான்."

"கதவுல கட்டை வச்சிருக்கா?"

"அத நேத்தே எடுக்கச் சொல்லிட்டாங்க. குளிரெல்லாம் வெளிய போகுதுல்ல."

"போய்க் கதவைத் தொறங்க சார். உடனே தொறங்க."

"பாக்குறேன்மா, பதறாதீங்க. எதுன்னா அவரே கூப்பிடுவாரு. கையில போன் இருக்குல்ல?"

செருப்புப் போடாமல் ஓடினாள். நாத்தனார் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "வண்டிய எடு" என்றாள் ஜிப்பக்கா. "என்ன அண்ணி, யார் கூட சண்டை?" என்று கேட்க வந்த நாத்தனார், அவள் முகத்தைப் பார்த்ததும் ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டுச் சாவியை எடுத்தாள்.

கிடங்கில் சூப்பர்வைசர் அப்போதுதான் ஒரு லாரிக்காரரோடு பேசி முடித்து நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பெரிய கதவின் இரும்புப் பிடியை ஜிப்பக்கா இரண்டு கையாலும் இழுத்தாள். புகை மாதிரி வெள்ளையாகக் குளிர் வந்து காலில் மோதியது. உள்ளே காற்றாடிகள் இரைந்த இரைச்சலில் யார் கத்தினாலும் வெளியே கேட்காது.

அவர் நின்றுகொண்டிருந்தார். புருவத்தில் வெள்ளை படிந்திருந்தது. இடதுபக்கச் சுவர் மொட்டையாக இருந்தது, வலதுபக்கம் பெட்டிகள் கூரை வரை ஏறியிருந்தன. உடம்பு சூடு ஆறிவிடக்கூடாதென்று ஒரு பக்கத்துப் பெட்டிகளையெல்லாம் மறுபக்கத்துக்குத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறார் மனுஷன். கையில் இன்னும் ஒரு பெட்டி. கீழே வைக்கச் சொன்னால் விரல் பிரியவில்லை. ஜிப்பக்காதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

உதடு கோணி, வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "உன் போனும் செத்துடுச்சு."

வெளியே கொண்டுவந்து வெயிலில் உட்காரவைத்தார்கள். நாத்தனார் அண்ணனின் முதுகைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். அவர் சட்டைப்பையிலிருந்த போனை சூப்பர்வைசர் எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் உள்ளங்கைச் சூடு பட்டதும் அது உயிர் வந்து நின்றது.

"எழுபத்தொம்போது காட்டுதேம்மா. சார்ஜ் இருக்குல்ல? கூப்பிட்டிருக்கலாமே."

அது அவளுடைய வார்த்தை. வாசலில் நின்று புருஷனைப் பார்த்து அவள் கேட்ட அதே வார்த்தை. இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"உங்க போன எடுத்துட்டு நீங்க உள்ள போய் நில்லுங்க சார். நான் கதவைச் சாத்துறேன். கூப்பிடுங்க, வந்து தொறக்குறேன்."

அவர் கதவைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். அலுவலக அறைக்குப் போய் டிராயரை இழுக்கிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் ஆள் வராத கைப்பிடி, பொழுது சாய்வதற்குள் கதவில் ஏறிவிட்டது.

புருஷனுக்கு விரல்களில் நிறம் திரும்ப வெகுநேரம் பிடித்தது. ஜிப்பக்கா அந்தக் கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், விடவில்லை.

"உன் போன்ல சூப்பர்வைசர் நம்பர் இல்ல" என்றார் அவர். "எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது என் நம்பர்தான். அதுதான் உன்கிட்ட இருக்கேன்னு போட்டேன். மூணு தரம் போட்டேன். கதவோரம் நின்னாத்தான் சிக்னல் வந்துச்சு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஏன் அணைச்சு வச்ச?"

கோபமாகக் கேட்கவில்லை அவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஃப்ரீசரில் வைத்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள், வந்தது வேறு.

"அணைக்கலைங்க. செத்துப்போச்சு."

அவர் தலையாட்டினார். சதவீதம் எவ்வளவு என்று பார்க்கப் போனைக் கேட்கவில்லை. உடனே நம்பிவிட்டார்.