சத்தம் போடும் பூட்டு

நாங்கள் மலைச் சாலையில் பாதித் தூரம் இறங்கியிருந்தபோது மழை பனித்தூறலாக மாறியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் விடுதியின் கூரை இன்னும் தெரிந்தது. கோடை முழுவதும் அதன் குசினியில் சட்டி கழுவியிருந்தேன். உல்லாசப் பயணிகள் வருவது நின்றதும் முதலாளி கதவை அடைத்தார். அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் கழுவ அங்கே சட்டிகளே இல்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஒரு வேலை முடிந்தால் அடுத்ததைத் தேடி நடப்பதில் மட்டும் தேர்ச்சி பெற்றிருந்தேன்.

என்னோடு நடந்தவர் பருத்தித்துறைக்காரர். கப்பலில் வந்து ஹம்பேர்க்கில் இறங்கி, திரும்ப ஏறாமல் விட்டவர். அதே குசினியில் உருளைக்கிழங்கு உரித்தார். என்னைவிடச் சில வயது கூட என்பதால் அண்ணை என்று கூப்பிடுவேன். கூப்பிடுவதோடு சரி, அவர் சொல்வதை நான் கேட்பதில்லை.

"தம்பி, உந்தச் சப்பாத்து ஸ்டேஷன் வரைக்கும் தாங்குமோ?"

"சப்பாத்து எப்பவோ முடிஞ்சுது அண்ணை. இப்ப நடக்கிறது காலுறைதான்."

அப்போதுதான் பழைய வேன் ஒன்று எங்களைக் கடந்து போய் நின்றது. ஓட்டியவர் பச்சைக் கோட்டும் தொப்பியும் போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். கீழே உள்ள ஊரில் மர ஆலை வைத்திருந்தார். நாளைக்குக் காட்டில் வேட்டை, ஆள் போதாது, ஒரு நாள் வேலை, கூலியும் சூடான சூப்பும் உண்டு என்றார். வேலை இதுதான்: வரிசையாக நடந்து, தடியால் மரங்களைத் தட்டி, சத்தம் போட்டுக் காட்டுப் பன்றிகளைக் கிளப்ப வேண்டும். காட்டின் மறு கரையில் துவக்கோடு நிற்பவர்கள் அவற்றைச் சுடுவார்கள்.

"அப்ப பன்றிக்குப் பின்னாலை நாங்கள், முன்னாலை துவக்கு," என்றார் அண்ணை. "பன்றி விலத்திச்சுதெண்டால்?"

எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் அதைச் சொன்னேன். ஆலைக்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏறச் சொல்லாமல், வலக்கைக் கையுறையைக் கழற்றினார். பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு. ஆலை வாள் பட்டதாம்.

"இந்தப் பெருவிரல் இருக்கு. ஆனால் கதவைத் தட்டினால் உள்ளை ஆள் இல்லை, தொட்டது ஒண்டும் தெரியாது," என்றார். "போன வருசம் வேட்டையிலை கொம்பு ஊதிச்சுது. ஊதினால் எல்லாரும் துவக்கைப் பூட்ட வேணும், ஏனெண்டால் ஆக்கள் கிட்ட வந்திட்டினம். நானும் பூட்டினன் எண்டு நினைச்சன். விரல் பூட்டுற லீவரிலை படேல்லை. ஒரு கிளை விசையைத் தட்டிச்சுது. குண்டு ஒருத்தரின்ரை காலடியிலை மண்ணைக் கிளப்பிச்சுது. அவர் என்ரை ஆலையிலைதான் வேலை. இண்டைக்கும் காலமை வணக்கம் சொல்லுவார். காட்டுக்கு மட்டும் வாறதில்லை."

துவக்கு வேனின் பின்னால் உறையில் கிடந்தது. அதை அவர் துவக்குத் தச்சரிடம் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கைக்கு ஒத்துவரும் பாகங்கள் கிடைத்தால் நாளைக்கு நிற்பார். கிடைக்காவிட்டால் இன்றே அங்கேயே விற்றுவிடுவார்.

"இதைச் சொல்லாமல் உங்களை ஏத்திக்கொண்டு போக எனக்கு ஏலாது," என்றார்.

"சொல்லிப்போட்டும் ஏத்தலாமோ எண்டு கேள்," என்றார் அண்ணை. ஆனால் முதலில் ஏறியவர் அவர்தான். வேனுக்குள் சூடு இருந்தது.

துவக்குத் தச்சரின் கடை தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. மெலிந்த மனிதர், தோல் ஏப்ரன் கட்டியிருந்தார். துவக்கைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் காட்டி வைத்தார். பிறகு மேசையில் பச்சைத் துணி விரித்து, நகைக்கடைக்காரரைப்போல ஒவ்வொன்றாகப் பாகங்களை எடுத்து வைத்தார். எல்லாமே என் உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்கள். தோட்டாவை ஏற்றும் தண்டின் நுனியில் திருகுகிற குமிழ்கள் சில. விசைகள் இரண்டு. துவக்கைப் பூட்டித் திறக்கும் லீவர்கள் மூன்று.

குமிழில் பிரச்சினை வரவில்லை. மான் கொம்பில் கடைந்த பெரிய ஒன்றை ஆலைக்காரர் முழு உள்ளங்கையாலும் பிடித்துப் பார்த்து ஓம் என்றார். விசையில் முறுகல் வந்தது. தச்சர் மெல்லியதைத்தான் தள்ளித் தள்ளி வைத்தார்.

"மூச்சு விட்டாலே போதும், வெடிக்கும்."

"எனக்கு மூச்சு விட வேணும்," என்றார் ஆலைக்காரர். கடினமான விசையை எடுத்துக்கொண்டார்.

பிறகு லீவர்கள். தச்சருக்குப் பெருமை அவற்றில்தான். தன் கையாலேயே அராவி மினுக்கியவை. தள்ளினால் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போயின.

"பக்கத்திலை மான் நிண்டாலும் கேளாது," என்றார். "இந்த ஊரிலை எல்லாரும் இதுக்குத்தான் வருகினம்."

ஆலைக்காரர் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு, லீவரைப் பார்க்காமலிருக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். தச்சர் ஒரு லீவரைப் பொருத்தி, ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் துவக்கை அவர் கையில் கொடுத்தார். ஆலைக்காரர் பெருவிரலால் தடவித் தள்ளினார்.

"இப்ப பூட்டிக் கிடக்கு."

பூட்டவில்லை. எனக்கு அது தெரிந்தது, அண்ணைக்கும் தெரிந்தது. தச்சர் துவக்கை வாங்கி, அடுத்த லீவரை மாட்டினார். அது இன்னும் அகலம். அதிலும் பிழை வந்தது. மூன்றாவதில் ஒரு தடவை சரியாகச் சொன்னார், அடுத்த தடவை பிழையாகச் சொன்னார். ஜன்னலில் பனி வழிந்துகொண்டிருந்தது. அந்த மனிதரின் முதுகை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இனித் துவக்கை விற்கும் பேச்சுத்தான் என்று நினைத்தேன்.

ஆலைக்காரர் துவக்கை வைத்துவிட்டுச் சுவரோரம் போனார். அங்கே ஒரு பழைய இராணுவத் துவக்கு, திருத்த வந்தது, கொளுவியில் தொங்கியது. சும்மா கை போக்கில் அதன் லீவரைத் தள்ளினார்.

டக்.

கடை முழுக்கக் கேட்டது. மறுபக்கம் தள்ளினார். டக். மறுபடி அதே பக்கம் தள்ளினார். ஏற்கெனவே அங்கே இருந்ததால் சத்தமில்லை.

"இது," என்றார்.

"இது ஆமிச் சாமான்!" தச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "உந்தச் சத்தத்தை எடுக்கத்தானே எனக்குக் காசு தருகினம். பன்றி ரஷ்யா வரைக்கும் ஓடும்."

"ஓடட்டும். அங்கையும் வேட்டைக்காரர் இருக்கினம்."

அலமாரியின் அடியில், கழற்றிப்போட்ட பழைய பாகங்களின் தகரப் பெட்டியிலிருந்து அதே மாதிரி லீவர் ஒன்று வெளியே வந்தது. தச்சர் அதை மனமில்லாமல் பொருத்தினார். ஆலைக்காரர் மீண்டும் ஜன்னலைப் பார்த்து நின்றார். தள்ளிச் சத்தம் கேட்டால், திறந்திருந்தது, இப்போது பூட்டிவிட்டது. கேட்காவிட்டால் முன்பே பூட்டியிருந்தது; நிச்சயத்துக்கு ஒருமுறை திறந்து, டக், திரும்பப் பூட்டினார், டக். எத்தனை தடவை கொடுத்தும் அவருக்குப் பிழை வரவில்லை. கடைசியில் தச்சரே அலுத்துப்போய்ச் சிரித்துவிட்டார்.

சத்தமில்லாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி என்று நானும் அதுவரை நம்பியிருந்தேன். ரயில் நிலைய வாங்குப் பலகைகளில், யாரோ ஒருவரின் அறைத் தரையில், இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒருவன் தான் எங்கே நிற்கிறான், என்ன செய்கிறான் என்பதை மற்றவர் கேட்கும்படி வைத்துக்கொள்வதும் ஒரு மரியாதை என்று அந்தக் கடையில்தான் எனக்குத் தோன்றியது.

அன்றிரவு ஆலையின் உலர்த்தும் கொட்டகையில், சூடான பலகைகளுக்கு நடுவில் படுத்தோம். விடிந்ததும் அண்ணை பையைத் தோளில் போட்டார்.

"நான் ஹம்பேர்க் போறன். வா. கப்பல் சுடாது."

"கப்பல் தாழும் அண்ணை."

"தாழேக்கை அது முன்னமே சொல்லும். நீ இந்த மனிசனை நம்புறியோ?"

யோசித்தேன். வேலை வேண்டும் என்பது பாதிக் காரணம். ஏற்றுவதற்கு முன்பே கையுறையைக் கழற்றிக் காட்டினாரே, அது மற்றப் பாதி. "லீவரை நம்புறன்," என்றேன். அண்ணை தலையை ஆட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

காட்டு ஓரத்தில் எனக்கு ஒரு தடியும் தொப்பியில் கட்ட வெள்ளைத் துணியும் கொடுத்தார்கள். வரிசையில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. போன வருடம் அங்கே நடந்தவர் யார் என்று எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அங்கே போய் நின்றேன்.

மரங்களைத் தட்டி, மற்றவர்கள் கத்தியதுபோலவே கத்தி நடந்தோம். தூரத்தில் இரண்டு வெடி கேட்டது. பிறகு மரங்கள் ஐதாகி இடைவெளி விட்டன. மூடுபனிக்குள் பச்சைக் கோட்டு ஒன்று தெரிந்தது. அவரேதான். கொம்பு ஊதியது.

வரிசை நடந்துகொண்டிருந்தது, நான்தான் நின்றேன். பக்கத்தில் வந்தவன் என்னைப் பார்த்து ஏதோ சத்தம் போட்டான். ஊசியிலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவதுதான் எனக்குக் கேட்டது.

டக்.

தடியால் அடுத்த மரத்தைத் தட்டிவிட்டு, அவரை நோக்கி நடந்தேன்.